பக்க ஓரத்தில் ஒரு குற்றவாளி

முதலில் எனக்கு அறிமுகமானது அவருடைய கையெழுத்துதான். அதுவும் எரிச்சலோடு.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் வாடகை நூலகம் ஒன்று இருந்தது. வெள்ளத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்களெல்லாம் போய்விட, மேல்தட்டில் தப்பித்த கொலைக் கதைகளை வைத்தே பாய் கடையை ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கி, அங்கே ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு, முடிச்சூருக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பது என் வழக்கம். அப்படி எடுத்த ஒரு நாவலில், கதை சூடு பிடிக்கிற இடத்தில், பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘மைத்துனன்தான். சந்தேகமே வேண்டாம்.’ கீழே தேதி போட்டுச் சின்னதாக ஒரு கையெழுத்து வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்துப் படித்தால், கடைசியில் மாட்டியது டிரைவர். மைத்துனன் பாவம், தேமே என்று கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பாயிடம் சண்டைக்குப் போனேன்.

“நா இன்னா மேடம் பண்றது? ரப்பர் வெச்சு அயிச்சு அயிச்சு என் கைதான் வலிக்குது. கேட்டா, ‘முடிவைப் படிச்சுட்டா எழுதறேன்? நடுவுல என் தீர்ப்பைத்தானே எழுதறேன்’னு சட்டம் பேசுது அந்தம்மா. ஒரே பேஜாரா கீது” என்றார் பாய்.

எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. “எந்தப் புஸ்தகம்? மைத்துனனா? டிரைவர்னு முடிச்சிருப்பானே. தப்பு. எழுதினவன் தப்புப் பண்ணிட்டான்.”

திரும்பிப் பார்த்தேன். காட்டன் புடவை, தோளில் ஜிப் வைத்த பெரிய கைப்பை, காதுக்கு மேலே செருகிய பென்சில். ஒரு பெண்மணி தச்சர் மாதிரி காதில் பென்சில் செருகிப் பார்த்தது அதுதான் எனக்கு முதல் தடவை. திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கேயோ போய்விட்டன. அன்றைக்கு ஒரே ஆட்டோவில் ஏறினோம், ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம், ஒரே கேட்டுக்குள் நுழைந்தோம். நான் குடியிருந்த பிளாக்கிலேயே இரண்டாவது மாடி அவர்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரை எழுதி மாட்டிவிடுவது அவர் பழக்கம், என்னுடையது இல்லை. பிளாக்கில் எல்லோருக்கும் அவர் ‘டிக்கெட் மேடம்’. புறநகர் ரயில் நிலையங்களில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டதும், “ஆன்ட்டின்னா திரும்பிப் பாக்க மாட்டேன்” என்றார். அதனால் அக்கா.

கண்ணாடியில் ஓர் ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு முகம், அதிகம் போனால் மூச்சு விடுகிற நேரம். அதற்குள் ஆளைப் படித்துவிட வேண்டும் என்பது அக்காவின் கொள்கை. “வண்டலூர் ஜூவுக்குப் போக சிங்கிள் கேக்கறவன் சிங்கத்தோட குடித்தனம் பண்ணவா போறான்? திரும்பி வரும்போது டிக்கெட் எடுக்காம வரலாம்னு கணக்கு” என்பார். சில்லறை இல்லை என்று சொல்வதில் எது நிஜம், எது பொய் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார். பொய் சொல்கிறவன் பதில் சொல்லி முடித்த பிறகும் நம் முகத்தையே பார்ப்பானாம், நம்பிவிட்டோமா என்று. நிஜம் சொல்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை, ரயிலைப் பார்த்துத் திரும்பிவிடுவான்.

ரிட்டயர் ஆன பிறகு முகங்கள் இல்லாமல் போயின. அந்தப் பசிக்குத்தான் துப்பறியும் நாவல்கள் என்பது என் கணிப்பு. சமையல் புத்தகமோ பக்திப் புத்தகமோ அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. கதையில் நன்றாக அழுகிறவனை நம்ப மாட்டார். சாவு வீட்டில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுக்கிறவளை நம்பவே மாட்டார். பாதிப் புத்தகத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடுவார். அது தப்பாகப் போனால் ஒருநாளும் அழித்ததில்லை. தப்பு எழுத்தாளர் கணக்கில் போய்விடும்.

கதைக்கு வெளியேயும் கேஸ்கள் உண்டு. ஒரு மே மாதம், லாரித் தண்ணீர் இறக்கிய அன்றே சம்ப் காலியாகிக்கொண்டிருந்தது. யாரோ தங்கள் வீட்டு டிரம்களை நிரப்பிக்கொள்கிறார்கள். அசோசியேஷன் செயலாளர் மீட்டிங்கில் குரல் தழுதழுக்கப் பேசினார். அக்கா எழுந்து நின்று, “தண்ணிக் கஷ்டத்துல இருக்கறவர் சட்டைக்கு இவ்வளவு கஞ்சி போட மாட்டாரே சார்” என்றார். அத்தோடு விடாமல் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். அங்கே செயலாளர் வீட்டுத் துளசி மட்டும் தளதளவென்று நின்றது. பிளாக்கே சிரித்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு அக்காவைப் பார்த்தால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போவார்.

ஆனால் நிரந்தரக் குற்றவாளி ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவருடைய கணவர். நான் சார் என்று கூப்பிடுவேன். குரோம்பேட்டையில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் காது மந்தம், நிறையச் சிரிப்பு. அவர் காய் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் விசாரணை ஆரம்பிக்கும்.

“ஏன் லேட்டு?”

“கூட்டம்.”

“செவ்வாய்க்கிழமை அந்தக் கடையில கூட்டம் இருக்காதே. சட்டைப் பைல எண்ணெய். பஜ்ஜியா, போண்டாவா?”

“போண்டா.”

“எத்தனை?”

“ஒண்ணு.”

அக்கா அவர் கண்ணையே பார்ப்பார். சாருக்குச் சிரிப்பு முட்டும். “மூணு” என்று சரணடைவார். மாட்டிக்கொள்வதற்காகவே மனிதர் போண்டா தின்கிறாரோ என்று எனக்குத் தோன்றும். பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது. என் வீட்டில் நான் ஏன் லேட்டாக வந்தேன் என்று கேட்க ஆள் கிடையாது.

இப்போது அந்த நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் படித்தது நான். தடிமனான புத்தகம். மலையூர் ஒன்றில் மனநோய் மருத்துவமனை. அங்கே ஒரு நர்ஸ் கொலையாகிறாள். துப்பறிய ஓர் அதிகாரி வருகிறார். அவர் விசாரிக்க விசாரிக்க, அவர் தங்கியிருக்கிற அறையிலேயே நர்ஸின் பேனா, ஒற்றைக் கம்மல் என்று சின்னச் சின்னப் பொருட்கள் கிடைக்கின்றன. யாரோ தன் மேல் பழியைப் போடப் பார்க்கிறார்கள் என்று அவர் இன்னும் மும்முரமாகத் தேடுகிறார். கடைசியில், கொன்றவர் அவரேதான். மனசின் ஒரு பாதி செய்தது மறு பாதிக்குத் தெரியாது. அப்படி ஒரு நாவலை நான் படித்ததே இல்லை என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“திராபை” என்றார்.

“ஏன்க்கா?”

“துப்பறியறவனே கொலைகாரன். சரி, அதைக்கூட மன்னிச்சுடறேன். தனக்கே தெரியாம பண்ணினான்னா என்ன அர்த்தம்? பொய் சொல்றவனுக்கு உண்மை தெரிஞ்சிருக்கணும். அப்பதான் அது பொய். இவன் முதல் பக்கத்துலேர்ந்து ஒரு பொய்கூடச் சொல்லல. அப்புறம் நான் எதை வச்சு இவனைப் பிடிக்கறது?”

“அதுதானேக்கா இதுல விசேஷம். நாம பண்றதெல்லாம் நமக்குத் தெரிஞ்சா பண்றோம்?”

“நான் பண்றதெல்லாம் எனக்குத் தெரியும்.”

“நடையெல்லாம் எவ்வளவு நல்லா இருக்கு. அந்த ஆஸ்பத்திரி வராந்தா, அந்தப் பனி...”

“பனியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த நர்ஸ் செத்ததுக்கு யார் பதில் சொல்றது? இவன் தரையில உக்காந்து எனக்கு எதுவும் தெரியாதேன்னு அழறான். நான் யார் மேல கோபப்படறது? கதை படிக்கறதே கடைசியில ஒருத்தன் மேல நியாயமாக் கோபப்படத்தானேம்மா. இவன் என்னடான்னா, கடைசிப் பக்கத்துல என்னைப் பரிதாபப்பட வைக்கறான். ஏமாத்து வேலை.”

சொல்லிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் தள்ளினார். கடைசிப் பக்கத்தில், ‘முற்றும்’ என்பதற்குக் கீழே, ‘ஒப்புக்கொள்ள முடியாது’ என்று எழுதியிருந்தார். எனக்கு உள்ளூரக் கோபம்தான். ஒரு நல்ல நாவலை இப்படி அநியாயமாகத் திட்டுகிறாரே என்று. அதற்கப்புறம் யார் அதை எடுத்துப் போனாலும் அந்த வரியைப் படித்துவிட்டுப் பாயிடம் சிரிப்பார்களாம். கொரோனா வந்து கடையை ஏறக்கட்டியபோது பாய் அந்தப் புத்தகத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டார். “உங்க எய்த்துதான் இதுல ஜாஸ்தி கீது, நீங்களே வெச்சுக்கோங்க” என்றாராம்.

அதற்குள் எனக்கும் வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்டது. மதியங்களில் மேலே போய் அக்கா வீட்டில் மோர் குடிப்பேன். அப்போதுதான் குக்கர் வெயிட் காணாமல் போனது.

பாத்திரம் தேய்க்க வருகிற பெண் மேல் சந்தேகம். அவள் வாசலில் நின்று அழுதாள். “யக்கா, உங்க வூட்டு வெயிட்ட எட்த்துக்கினு போயி நா இன்னா பண்ணுவேன்? எங்க வூட்ல குக்கரே இல்ல.” நன்றாக அழுகிறவர்களை அக்கா நம்ப மாட்டாரே. அவள் வேலையை விட்டு நின்றாள். நாலு நாள் கழித்து வெயிட் அரிசி டப்பாவின் அடியில் கிடைத்தது. “பாத்தியா? பயந்துபோய்க் கொண்டாந்து வச்சிருக்கா” என்றார் அக்கா. வேலையை விட்டுப் போனவள் எப்படி உள்ளே வந்து வைப்பாள் என்று நானும் கேட்கவில்லை, சாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. பூஜை மணி, ரேஷன் கார்டு, ஒரு பால் பாக்கெட், சாரின் கண்ணாடி. அக்கா பரபரப்பாக இருந்தார். எல்லோரையும் கேள்வி கேட்டார், கதவு இடுக்கில் நூல் கட்டி வைத்தார். நாங்கள் சிரித்தோம். சார் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்து கேலியாகக் கையில் கொடுத்தார். அக்கா அதை நிஜமாகவே வைத்துக்கொண்டு மேசை விளிம்பைப் பார்த்தார். அதற்கும் சிரித்தோம். வேறு எந்த வீட்டிலாவது ஒரு பெண்மணி இப்படி நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தால் ஒரே மாதத்தில் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். இந்த வீட்டில் அது புதிதாகத் தெரியவில்லை. ஆயுசு பூராவும் எல்லோரையும் சந்தேகப்பட்ட ஒருவர் சந்தேகப்படுகிறார், அவ்வளவுதானே? வியாதி அவருடைய குணத்தையே போட்டுக்கொண்டு வந்தது. எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

திருநீர்மலைக் கோயிலில்தான் தெரிந்தது. சாருக்கு ஏதோ வேண்டுதல், என்னையும் அழைத்திருந்தார்கள். தரிசனம் முடிந்து படியிறங்கி வந்தால் அக்காவின் செருப்பைக் காணோம். பூக்காரம்மாவிடம் விட்டதாகச் சொன்னார். பூக்காரம்மா இல்லை என்றாள். அக்கா விசாரணையை ஆரம்பித்தார். கூட்டம் கூடியது. அந்தம்மா சாமி மேல் சத்தியம் பண்ண, அக்கா, “சத்தியம் பண்றவளைத்தான் முதல்ல பிடிக்கணும்” என்று குரலை உயர்த்த, சார் மன்னிப்புக் கேட்க ஓடினார். ஆட்டோவுக்குப் பணம் எடுக்க நான் அக்காவின் கைப்பையைத் திறந்தேன். செருப்பு அதற்குள் இருந்தது. செய்தித்தாளில் அழகாக மடித்துச் சுற்றி, மேலே கைக்குட்டை போட்டு மூடி.

அக்கா அதைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. அதில் பயம் இருந்தது. தன் கையாலேயே மடித்த மடிப்பு அது, அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு நொடிதான். பிறகு முகம் மூடிக்கொண்டது. “யாரோ என் பைக்குள்ள வச்சிருக்காங்க” என்றார் மெதுவாக.

டாக்டரிடம் போனார்கள். இன்று என்ன கிழமை, இந்த ஊர் எது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள் என்று அவர் கேட்க, அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாராம். “இதை எதுக்கு என்கிட்ட கேக்கறீங்க? யார் கேக்கச் சொன்னாங்க? எனக்குத் தெரியாதுன்னு இல்ல. சொல்ல இஷ்டமில்ல” என்றாராம். சார் இதைச் சொல்லிவிட்டு, “விசாரணைன்னு கண்டுபிடிச்சுட்டாம்மா. ஆனா அன்னிக்கு என்ன கிழமைன்னு அவளுக்குத் தெரியல” என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அக்கா படிப்பதை மட்டும் விடவில்லை. பாய் கொடுத்த அந்த ஆஸ்பத்திரி நாவலையே திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு தடவை ‘டாக்டர்தான்’ என்று ஓரத்தில் எழுதினார். அடுத்த தடவை ‘தோட்டக்காரன்’. அதற்கடுத்து ‘சின்ன நர்ஸ்’. கையெழுத்து கோணிக்கொண்டே போனது. கடைசிப் பக்கத்துக்கு வருவதே இல்லை. பாதி வந்ததும் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். ஒரு மதியம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இவன் பிரமாதமா எழுதறான்மா. எத்தனை கதை படிச்சிருக்கேன், எல்லாத்தையும் பாதியில பிடிச்சுடுவேன். இதுல யாருன்னு கண்டுபிடிக்கவே முடியல.” நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த நாவலை அவர் புகழ வேண்டும் என்று ஒரு காலத்தில் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

சந்தேகப்பட ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வேலைக்காரப் பெண் போய்விட்டாள். எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறப்பதில்லை. ஒருநாள் என்னை நிற்க வைத்து, “நீ எதுக்கு தினமும் வர்றே?” என்று கேட்டார். அழுதால் நம்ப மாட்டார் என்று தெரிந்தும் அழுகை வந்தது. கடைசியில் மிச்சம் இருந்தது சார் ஒருவர்தான். கூடவே இருக்கிறவர், சமைக்கிறவர், மாத்திரை கொடுக்கிறவர். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்று அக்கா முடிவு கட்டினார்.

சாப்பிடுவது நின்றது. சார் தன் தட்டையும் அவர் தட்டையும் மாற்றிப் பார்த்தார். முதல் கவளத்தைத் தானே சாப்பிட்டுக் காட்டினார். நான் ஊட்டிப் பார்த்தேன். வாழைப்பழம் மட்டும், அதுவும் தோலோடு கையில் கொடுத்தால், தானே உரித்துச் சாப்பிடுவார். புடவை நிற்காமல் நைட்டிக்கு மாறினார். ஓசூரில் இருக்கிற மகள் வந்து பார்த்துவிட்டு அழுதாள். “அப்பா, இந்த மாசம் பாக்கறேன். அம்மா சாப்பிடலன்னா நான் கூட்டிட்டுப் போறேன். உங்களைப் பாத்தாத்தான் அம்மா பயப்படறாங்க, நீங்க கூட வரக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சாருக்கு அது தூக்குத் தண்டனை மாதிரி. அக்காவை விட்டுவிட்டு அந்த மனிதருக்கு வேறு என்ன இருந்தது?

அதற்கப்புறம் ஒரு மதியம், நானும் இருந்தேன். ரசம் சாதம் பிசைந்து வைத்திருந்தார் சார். அக்கா தட்டைப் பார்க்காமல், “என் மணியை எடுத்தது யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார். சாருக்குப் பொறுமை போய்விட்டது.

“நான்தான். போதுமா? மணியை நான்தான் எடுத்தேன். வெயிட், கார்டு, எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். ஒத்துக்கறேன். இப்பவாவது சாப்பிடு.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். சாரும் பார்வையை எடுக்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார், நம்பிவிட்டாளா என்று. அக்காவின் கண்ணில் பழைய கூர்மை வந்ததை நான் பார்த்தேன்.

“பொய்” என்றார் அக்கா. “நீங்க எடுக்கல. யாரையோ காப்பாத்தறீங்க.”

சார் சட்டென்று தலையைக் குனிந்து சாதத்தை மறுபடி பிசைந்தார்.

“யாரு? சொல்லுங்க. யாரைக் காப்பாத்தறீங்க?” அக்கா சாரின் கைமேல் கை வைத்தார். “பயமா இருக்கா? விடுங்க. நான் கண்டுபிடிக்கறேன்.” பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மடமடவென்று சாப்பிட்டார். குற்றமற்றவர் என்று தீர்ப்பான மனிதர் பிசைந்த சாதம்தானே, இனி என்ன பயம்? சார் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

மறுநாள் எல்லாம் மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து. ஆனால் சாருக்கு வழி கிடைத்துவிட்டது. தினமும் மதியம் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்காருவார். “நான்தான் எடுத்தேன்” என்பார். அக்கா உற்றுப் பார்ப்பார். “பொய்” என்பார். சாப்பிடுவார். உலகத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டிக்குச் சோறு ஊட்ட இப்படி ஒரு பாடு பட்டிருக்க மாட்டான். தன் மேல் தானே பழி போட்டுக்கொண்டு, அந்தப் பழி நிற்காது என்று அவள் சொல்வதற்காகக் காத்துக் கிடந்தார். அக்காவின் கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியது. மகள் போனில் சந்தோஷப்பட்டாள். அந்த மாதம் கழிந்தது, அடுத்த மாதமும் கழிந்தது. இப்படியே ஓட்டிவிடலாம் என்று சார் என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். அக்காவுக்குக் கிழமை போய்விட்டது, ஊர் போய்விட்டது, என் பெயர் போய்விட்டது. பொய்யைப் பிடிக்கிற கண்ணை மட்டும் அவரிடமிருந்து யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்று நினைத்தோம்.

பார்க்கிற நேரம் நீண்டுகொண்டே போனதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். முதலில் உடனே சொன்னவர், அப்புறம் யோசித்துச் சொன்னார். சில நாள் சார் இரண்டு தடவை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று கத்தரிக்காய் சாம்பார். சார் உட்கார்ந்தார். “நான்தான் எடுத்தேன்” என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார், பழகிப்போயிருந்தது. அக்கா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மோர்க் கிண்ணத்தோடு நான் நின்றேன். அந்த வார்த்தை வரும் வரும் என்று இருவரும் காத்திருந்தோம்.

“சரி” என்றார் அக்கா.

சாருக்குப் புரியவில்லை. “என்னம்மா?”

“ஒத்துக்கிட்டீங்க. சரி. எதுக்கு எடுத்தீங்க?”

கோபமே இல்லை. முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற மரியாதை மட்டும் இருந்தது. சார் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? அக்கா தட்டை ஒரு விரலால் மேசையின் அந்தக் கோடி வரைக்கும் தள்ளினார்.

“பொய் சொன்னேம்மா. நான் எடுக்கல. சத்தியமா நான் எடுக்கல.”

“இப்பதானே எடுத்தேன்னீங்க.”

“சும்மா சொன்னேன். நீ கண்டுபிடிப்பேன்னு சொன்னேன். என்னைப் பாரு. நல்லாப் பாரு. நான் பொய் சொல்றேன்னு தெரியலையா?”

அக்கா பார்த்தார். சொன்னபடி கேட்கிற குழந்தை மாதிரி, நன்றாகத்தான் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மகள் ஓசூரிலிருந்து வந்து கூப்பிட்ட பிறகுதான் கதவைத் திறந்தார். மறுநாள் காலையில் கார் வந்தது. சார் இட்லியைப் பொட்டலம் கட்டி மகள் கையில் கொடுத்து, தான் கட்டியது என்று சொல்ல வேண்டாம் என்றார். அக்கா பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. கார் முடிச்சூர் ரோட்டில் திரும்புகிற வரை சார் கேட்டில் நின்றார். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது அவர் சொன்னார்:

“கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொன்ன எதையும் அவ அப்படியே நம்பினதில்லம்மா. இதை நம்பிட்டா.”